காத்திருக்கும் சில்லு

ஒளி ஒரு நொடியில் ஏறத்தாழ மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்லும். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ப்ராசஸரின் ஒரே ஒரு துடிப்புக்குள் அந்த ஒளி கடப்பது 6 சென்டிமீட்டர்தான். மதர்போர்டின் செம்புத் தடங்களில் ஓடும் மின்சைகைக்கு அந்த வேகமும் கிடையாது, ஏறக்குறைய பாதிதான். சைகை ப்ராசஸரிலிருந்து ராம் வரை போய்த் திரும்புவதற்குள்ளேயே சில துடிப்புகள் கழிந்துவிடும். கேட்ட தகவலை ராம் தனக்குள் தேடி எடுத்துத் தரும் நேரமோ அதைப்போலப் பல மடங்கு. ஒரு நொடிக்கு 500 கோடி முறை துடிக்கும் அந்தச் சில்லு, தன் துடிப்புகளில் பெரும்பகுதியை எதற்காகவோ காத்திருந்தே கழிக்கிறது.

புதிதாக டெஸ்க்டாப் வாங்கப் போகிறவர் முதலில் அறிய வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடைப் படியேறினாலும் வரும் கேள்வி ஒன்றுதான்: "ஐ5-ஆ, ஐ7-ஆ, ரைசனா? பட்ஜெட் எவ்வளவு சார்?" அவர்கள் தொழிலுக்கு அந்தக் கேள்வி பொருத்தமானதே. ஆனால் நாம் அங்கே போகும் முன்பே வேறொரு கேள்விக்குப் பதில் தெரிந்து வைத்திருக்க வேண்டும். என் வேலை எந்த இடத்தில் தேங்கி நிற்கிறது? ராமுக்காகவா, டிஸ்க்குக்காகவா, கிராபிக்ஸ் கார்டுக்காகவா, உண்மையிலேயே கணக்குப் போடும் கோர்களுக்காகவா? இது தெரிந்தால் வாங்க வேண்டிய பாகங்களில் பாதி முடிவாகிவிடும்.

காத்திருப்பின் அளவை மனத்தில் வாங்கிக்கொள்ள, ஒரு துடிப்பை ஒரு நொடி என்று நீட்டிப் பார்க்கலாம். அடுப்படியில் நிற்பவருக்குக் கடுகு அஞ்சறைப் பெட்டியில் இருந்தால் கையை நீட்டினால் போதும். சில்லுக்குள்ளேயே கோரை ஒட்டியிருக்கும் முதல்நிலைக் கேஷ் அப்படிப்பட்டது. நம் நீட்டிய கணக்கில் நான்கைந்து நொடி. எல்லாக் கோர்களுக்கும் பொதுவான மூன்றாம்நிலைக் கேஷ், பரணிலிருந்து டப்பாவை இறக்குவதுபோல, ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ராமுக்குப் போவது தெருமுனை மளிகைக்கடைக்குப் போய் வருவது, கிட்டத்தட்ட ஏழு நிமிடம். அதிலும் இல்லாமல் எஸ்.எஸ்.டி.க்குப் போக நேர்ந்தால் மூன்றரை நாள். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கில் தேட வேண்டியிருந்தால் ஒன்றரை ஆண்டுக்கு மேல். பத்தாண்டு பழைய கணினியில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டியதும் அது புத்துயிர் பெற்றதுபோல ஓடுவது இதனால்தான். அங்கே ப்ராசஸர் மாறவில்லை; அது காத்திருந்த காலம் குறைந்தது.

ராம் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது என்று கேட்டால், அதன் பிறப்பைப் பார்க்க வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் டென்னார்டு 1968-ல் காப்புரிமை பெற்ற அமைப்பில், ஒரு பிட்டுக்கு ஒரு ட்ரான்சிஸ்டரும் ஒரு நுண்ணிய மின்தேக்கியும் போதும். மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. எளிமை காரணமாக மிக மலிவு; ஒரு சின்னத் துண்டில் கோடிக்கணக்கான பிட்களை அடைக்க முடிந்தது. ஆனால் மின்னூட்டம் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே நொடிக்குப் பல முறை ஒவ்வொரு வரிசையையும் படித்துத் திரும்ப எழுதியாக வேண்டும். படிப்பதும் எளிதன்று. அந்தச் சின்னஞ்சிறு மின்னூட்டம் நீண்ட கம்பித் தடத்தில் உண்டாக்கும் மெல்லிய அசைவை உணர்ந்து, பெருக்கி, அதன்பிறகே பதில் சொல்ல முடியும். இதற்குப் பிடிக்கும் நேரத்தை இயற்பியல் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

கடையில் ராம் உறைமேல் அச்சிட்டிருக்கும் எண்களை வைத்து இதை நாமே சரிபார்க்கலாம். டி.டி.ஆர்.4-3200, சி.எல்.16 என்று ஒன்று, டி.டி.ஆர்.5-6000, சி.எல்.30 என்று இன்னொன்று. சி.எல். எண்ணை 2000-ஆல் பெருக்கி வேக எண்ணால் வகுத்தால், ராம் உரிய வரிசையைத் திறந்தபின் தகவலின் முதல் துளி வெளிவர ஆகும் நேரம் நானோநொடியில் கிடைக்கும்; ராமுக்கான மொத்தக் காத்திருப்பில் இது ஒரு பகுதி. முதலாவதுக்கு 10 நானோநொடி. இரண்டாவதுக்கும் 10 நானோநொடிதான். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்ற டி.டி.ஆர்.-400, சி.எல்.2 ராமுக்கும் இதே 10 வருகிறது! கூடியது வேறொன்று. அன்று ராமையும் ப்ராசஸரையும் இணைக்கும் ஒரு சேனலில் நொடிக்கு 3.2 ஜி.பி. தகவல் ஓடியது, டி.டி.ஆர்.5-6000-ல் 48 ஜி.பி. ஓடுகிறது. குழாய் பதினைந்து மடங்கு அகலமாகியும், திறந்தபின் முதல் சொட்டு வந்து சேரும் நேரம் அப்படியே நிற்கிறது.

இந்த இடைவெளியை மறைக்கத்தான் கேஷ் வந்தது. பெரிய மெதுவான நினைவகத்தின் முன்னால் சிறிய வேகமான நினைவகம் ஒன்றை வைத்து, அடிக்கடி வேண்டியதை அதில் தானாகச் சேர்த்துக்கொள்ளும் யோசனையைக் கேம்பிரிட்ஜின் மாரிஸ் வில்க்ஸ் 1965-ல் ஒரு கட்டுரையில் எழுதினார். கேஷில் ஒரு பிட்டுக்கு ஆறு ட்ரான்சிஸ்டர்கள் வேண்டும். 32 எம்.பி. கேஷுக்கு 160 கோடி ட்ரான்சிஸ்டர்கள், அதாவது 1971-ல் வந்த இன்டெல்லின் முதல் ப்ராசஸரான 4004-ல் இருந்தவற்றைப்போல ஏழு லட்சம் மடங்கு. இன்றைய சில்லின் பரப்பில் கணிசமான பகுதி கணக்கே போடுவதில்லை. நினைவில் வைத்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை.

கேஷின் வலிமையை ஏ.எம்.டி. 2022 ஏப்ரலில் கடைக்கே கொண்டுவந்து காட்டியது. ரைசன் 7 5800எக்ஸ் என்ற ப்ராசஸரில் 8 கோர்கள், 32 எம்.பி. மூன்றாம்நிலைக் கேஷ், உச்ச வேகம் 4.7 ஜிகாஹெர்ட்ஸ். அதே சில்லின்மேல் இன்னொரு 64 எம்.பி. கேஷ் துண்டை அடுக்கி ஒட்டி, 5800எக்ஸ்3டி என்று வெளியிட்டார்கள். அடுக்கியதால் வெப்பம் வெளியேறுவது கடினமாயிற்று. உச்ச வேகத்தை 4.5 ஆகக் குறைக்க வேண்டி வந்தது. வேகம் குறைந்த அந்தச் சில்லு, பெரும்பாலான விளையாட்டுகளில் வேகம் கூடிய தன் உடன்பிறப்பைத் தெளிவாக முந்தியது. விளையாட்டு மென்பொருள் ஆயிரக்கணக்கான பொருள்களின் நிலையை ஒவ்வொரு காட்சிக்கும் தேடித் தேடிப் படிக்கிறது, அதாவது ராமுக்காகக் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பைக் கேஷ் வெட்டியது. ஆனால் ப்ளெண்டர் மென்பொருளில் முப்பரிமாணக் காட்சி வரையும்போது அதே 3டி சில்லு பின்தங்கியது. அங்கே எண்கள் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன, துடிப்பு வேகம்தான் பேசுகிறது. எது நல்ல ப்ராசஸர் என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன என்று தோன்றலாம். ஒரு காலத்தில் அப்படித்தான் போனார்கள். 1993-ல் வந்த பென்டியம் 66 மெகாஹெர்ட்ஸ். 2000-ல் வந்த பென்டியம் 4, 1.5 ஜிகாஹெர்ட்ஸ். ஏழே ஆண்டில் இருபது மடங்குக்கு மேல். இதற்கு வழிகாட்டியவரும் மேலே பார்த்த அதே டென்னார்டுதான். ட்ரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைத்தால், சதுர மில்லிமீட்டருக்கு உண்டாகும் வெப்பம் மாறாமலே வேகம் கூடும் என்று 1974-ல் தம் குழுவினருடன் எழுதினார். முப்பது ஆண்டுகள் அந்தக் கணக்கு நின்றது. பிறகு ட்ரான்சிஸ்டர்கள் மிகச் சிறிதாகி, அணைத்து வைத்த நிலையிலும் மின்சாரம் கசியத் தொடங்கியது. வோல்டேஜை ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியவில்லை. 2004 அக்டோபரில் இன்டெல் தன் 4 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தைக் கைவிட்டது. அந்த வரிசை எட்டிய உச்சம் 3.8 ஜிகாஹெர்ட்ஸ். இருபது ஆண்டுகள் கழித்து இன்று 6-ஐ ஒட்டி நிற்கிறோம். இரண்டு மடங்குகூட ஆகவில்லை.

இங்கே ஒரு சூத்திரம் நினைவில் நிற்பது நல்லது. சில்லு செலவழிக்கும் மின்திறன், துடிப்பு வேகத்தோடும் வோல்டேஜின் இருமடியோடும் சேர்ந்து கூடுகிறது. வேகத்தை 20 சதவீதம் உயர்த்த வோல்டேஜையும் 20 சதவீதம் உயர்த்த வேண்டியிருந்தால், மின்திறன் 1.2-ஐ மும்முறை பெருக்கிய அளவு ஆகும், அதாவது 73 சதவீதம் கூடும். ரைசன் 5 7600, 7600எக்ஸ் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் 6 கோர்கள், 12 த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்), அதே கேஷ். முன்னதன் உச்சம் 5.1 ஜிகாஹெர்ட்ஸ், குறித்த வெப்ப அளவு 65 வாட், பெட்டியிலேயே கூலரும் வரும். பின்னதன் உச்சம் 5.3, வெப்ப அளவு 105 வாட், கூலர் தனியாக வாங்க வேண்டும். நான்கு சதவீத வேகத்துக்கு இத்தனை வெப்பம் என்பது ஏ.சி. இல்லாத அறையில் கணினி வைத்திருக்கும் வீட்டுக்குப் பொருந்தாத பேரம். நான் எப்போதும் எக்ஸ் இல்லாததையே பரிந்துரைக்கிறேன்.

இரண்டும் ஒரே தட்டில் பிறந்தவை என்பதையும் சொல்ல வேண்டும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிலிக்கான் தட்டில் இந்த வகைக் கோர்த் துண்டுகள் ஏறத்தாழ 900 அச்சாகும். ஒவ்வொரு துண்டிலும் 8 கோர்கள். சிலவற்றில் ஒரு கோர் பழுது. சிலவற்றில் ஒரு கோர் சற்று மந்தம். அவற்றைத் தூக்கி எறியாமல், இரண்டு கோர்களை அணைத்து ஆறு கோர் ரைசன் 5 ஆக விற்கிறார்கள். எட்டும் நன்றாக இருப்பது ரைசன் 7. இன்டெல்லும் இப்படித்தான் தரம் பிரிக்கிறது. பெயரின் கடைசியில் எஃப் என்று வந்தால் உள்ளே கிராபிக்ஸ் பகுதி அணைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். தனி கிராபிக்ஸ் கார்டு வாங்காதவர் எஃப் வகையை வாங்கிவிட்டால் மானிட்டரில் படமே வராது. கே என்று முடிந்தால் வேகத்தை நாமே உயர்த்திக்கொள்ளலாம். பெரும்பாலோருக்கு அது தேவைப்படாது.

துடிப்பு வேகம் நின்றுபோனதால் தயாரிப்பாளர்கள் கோர்களைப் பெருக்கினார்கள். 2005-ல் வீட்டுக் கணினிக்கு இரட்டைக் கோர் வந்தது. இன்று 16, 24 கோர்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. இவற்றால் என்ன பயன் என்பதை ஜீன் ஆம்தால் 1967-லேயே சொல்லிவிட்டார். ஒரு வேலையில் பகிர்ந்து செய்ய முடியாத பகுதி எவ்வளவோ, அதுவே மொத்த வேகத்துக்கும் எல்லை. உங்கள் வேலையில் 80 சதவீதத்தைப் பல கோர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம், 20 சதவீதம் ஒரே கோரில்தான் நடக்கும் என்று வைத்துக்கொள்வோம். 6 கோர்கள் அதை 3 மடங்கு வேகமாக்கும். 12 கோர்கள் 3.75 மடங்கு. 24 கோர்கள் 4.3 மடங்கு. ஆயிரம் கோர்கள் வைத்தாலும் 5 மடங்கைத் தொடாது. முதல் ஆறு கோருக்குக் கொடுத்த பணம் நன்றாக உழைக்கிறது. கடைசிப் பன்னிரண்டுக்குக் கொடுத்தது ஏறக்குறைய சும்மா கிடக்கிறது.

இன்டெல் 2021 நவம்பரில் கொண்டுவந்த 12-ஆம் தலைமுறை இந்த விதியைப் புரிந்துகொண்டு வடிவமைக்கப்பட்டது. பகிர முடியாத பகுதிக்குச் சில பெரிய வேகமான கோர்கள். பகிரக்கூடியதற்கு இடமும் மின்சாரமும் குறைவாகக் கேட்கும் பல சிறிய கோர்கள். ஆகவே 14 கோர், 20 கோர் என்ற எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் ஏமாற்றமே. அதில் பெரியவை எத்தனை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 13, 14-ஆம் தலைமுறைகளில் ஒரு சங்கடமும் நேர்ந்தது. உயர்நிலைச் சில்லுகள் சிலவற்றுக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய், காலப்போக்கில் அவை நிலைதடுமாறின. 2024 ஆகஸ்டில் இன்டெல் திருத்தம் வெளியிட்டது, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. இந்தத் தலைமுறைச் சில்லைப் பழையதாக வாங்குகிறவர், முந்தைய உரிமையாளர் போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்து வைத்திருந்தாரா என்று கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

வேலைக்கு ஏற்பத் தேர்வு எப்படித் தலைகீழாகும் என்பதற்கு, தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கும் கல்யாண வீடியோ எடிட்டிங் தொழிலைப் பார்ப்போம். இப்போதைய கேமராக்களில் பல, எச்.265 முறையில் 10-பிட், 4:2:2 நிறத் தகவலோடு பதிவு செய்கின்றன. முகூர்த்தப் பட்டின் சிவப்பும் விளக்கொளியும் பிற்பாடு நிறத்திருத்தம் செய்யும்போது உடையாமல் இருக்க இது உதவும். ஆனால் இந்தக் கோப்பை விரித்துப் பார்ப்பது பெரிய கணக்கு. கோர்களிடமே விட்டால் டைம்லைனில் படம் திக்கித் திக்கி ஓடும். இன்டெல் ப்ராசஸரின் உள் கிராபிக்ஸில், 11-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகளிலிருந்து, இந்த வகையை விரிப்பதற்கென்றே தனிச் சுற்று இருக்கிறது. என்விடியா கார்டுகளில் 2025-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையில்தான் 4:2:2-க்கு அந்த வசதி சேர்ந்தது. ஆகவே பழைய வரிசைக் கார்டு வைத்திருக்கும் எடிட்டர், "கார்டுதான் இருக்கிறதே" என்று எண்ணிக் கொஞ்சம் பணத்தை மிச்சம் பிடிக்க எஃப் வகை இன்டெல்லை வாங்கினால், தன் தொழிலுக்கு மிக வேண்டிய பகுதியையே அணைத்து வாங்கியவர் ஆகிறார். எத்தனை கோர் என்ற கேள்வியால் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

இன்னொரு புதிய தேவை, மொழி மாதிரிகளை வீட்டுக் கணினியிலேயே ஓட்டுவது. கல்லூரி மாணவர்கள் பலர் இதற்காகவே கணினி வாங்குகிறார்கள். 800 கோடி அளவுருக்கள் கொண்ட ஒரு மாதிரியை 4 பிட்டாகச் சுருக்கினால் ஏறத்தாழ 5 ஜி.பி. ஆகும். ஒவ்வொரு சொல்துண்டை உருவாக்கவும் அந்த 5 ஜி.பி. முழுவதையும் நினைவகத்திலிருந்து ஒருமுறை படித்தாக வேண்டும். இரண்டு சேனல் டி.டி.ஆர்.5-6000 நொடிக்கு அதிகபட்சம் 96 ஜி.பி. தரும். வகுத்தால் நொடிக்கு 19 துண்டுகள். அதற்குமேல் எந்த ப்ராசஸராலும் போக முடியாது. 12 ஜி.பி. நினைவகமுள்ள ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு நொடிக்கு 360 ஜி.பி. படிக்கிறது, எல்லை 72 துண்டுகளுக்கு உயர்கிறது. இங்கே விலையுயர்ந்த ப்ராசஸர் வாங்குவது முற்றிலும் வீண் செலவு. கார்டு வாங்கும்போதும் அதன் நினைவகம் எத்தனை ஜி.பி., நொடிக்கு எவ்வளவு படிக்கும் என்ற இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ராமை இரண்டு ஸ்டிக்காக வாங்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான். 32 ஜி.பி. ஒரே ஸ்டிக்காக மாட்டினால் ஒரு சேனல்தான் வேலை செய்யும். 16, 16 என இரண்டாக மாட்டினால் தகவல் ஓட்டம் இரு மடங்கு. நான்கு இடங்கள் உள்ள போர்டில் பெரும்பாலும் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்ட வேண்டும். போர்டின் கையேட்டில் படம் இருக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும், உள் கிராபிக்ஸும் அதே ராமைத்தான் பங்குபோடுகிறது.

மதர்போர்டை வெறும் பலகையாக நினைப்பவர்கள் உண்டு. அதன் கடினமான வேலை ப்ராசஸரைச் சுற்றியுள்ள சிறு உலோக வில்லைகளின் அடியில் நடக்கிறது. சில்லுக்கு வேண்டியது ஏறத்தாழ 1.2 வோல்ட். 120 வாட் செலவழிக்கும் சில்லுக்கு 1.2 வோல்ட்டில் 100 ஆம்பியர் மின்னோட்டம் போக வேண்டும். வீட்டின் மெயின் ஃபியூஸ்கூட அவ்வளவு தாங்காது! கணினிக்கு மின்சாரம் ஊட்டும் எஸ்.எம்.பி.எஸ். தரும் 12 வோல்ட்டை இந்த அளவுக்கு இறக்கி, நொடியின் நுண்பகுதிக்குள் கூடிக் குறையும் தேவைக்கேற்ப ஊட்டுவது போர்டில் இருக்கும் வோல்டேஜ் சீரமைப்புச் சுற்று. விலை குறைந்த போர்டில் 16 கோர் ப்ராசஸரை மாட்டினால் அந்தச் சுற்று சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள ப்ராசஸரின் வேகத்தைக் குறைத்துவிடும். 65 வாட் சில்லுக்கோ நடுத்தர போர்டு தாராளம். போர்டு தேர்வில் இன்னொன்று, சாக்கெட்டின் ஆயுள். 2017-ல் ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட் கொண்ட போர்டு வாங்கியவர்கள் பலர், பயாஸை மட்டும் புதுப்பித்து 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி-யை அதே போர்டில் மாட்ட முடிந்தது. இப்போதைய ஏ.எம்.5 சாக்கெட்டுக்கும் 2027 வரையும் அதற்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று ஏ.எம்.டி. சொல்லியிருக்கிறது. இன்று நடுத்தரச் சில்லு வாங்கி, நான்கு ஆண்டு கழித்து நல்ல சில்லாக மாற்றிக்கொள்ள நினைப்பவருக்கு இது பெரிய வசதி.

எஸ்.எம்.பி.எஸ். பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். கேபினெட்டோடு சேர்த்துக் கொடுக்கப்படும் பெயரில்லாத எஸ்.எம்.பி.எஸ்.மேல் 450 வாட் என்று ஒட்டியிருந்தாலும், 12 வோல்ட் பக்கம் எவ்வளவு தருகிறது என்று சிறிய எழுத்தில் இருக்கும் அட்டவணையைப் படித்துப் பாருங்கள். பல நேரம் அந்த எண்ணைவிட வெகுவாகக் குறைவு. ப்ராசஸரும் கார்டும் ஏறக்குறைய முழுதும் 12 வோல்ட்டில்தான் வாழ்கின்றன. 88 வாட் வரை இழுக்கும் ப்ராசஸர், 115 வாட் கார்டு, மற்றவற்றுக்கு 50 வாட் என்று கூட்டினால் 253 வாட்தான் வரும். நல்ல 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். போதும், 850 வாட்டுக்குப் பணம் போட வேண்டாம். ஆனால் அந்த 550 தரமானதாக இருக்கட்டும். அது கெட்டால் தனியாகக் கெடாது, உடன் இருப்பவற்றையும் கொண்டுபோகும்.

கேபினெட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது என்று பலர் சொல்லக் கேட்கிறோம். எஸ்.எம்.பி.எஸ். உள்ளே, மின்னிரைச்சலை வடிகட்ட, ஃபேஸ் கம்பியிலிருந்தும் நியூட்ரல் கம்பியிலிருந்தும் உலோக உடலுக்கு இரண்டு சிறு மின்தேக்கிகள் இணைக்கப்பட்டிருக்கும். அந்த உடல் எர்த்தோடு சேர்ந்திருக்கும் என்ற நம்பிக்கையில் செய்த அமைப்பு அது. பழைய வீட்டில் எர்த் கம்பி இல்லாமலோ அறுந்தோ இருந்தால், 230 வோல்ட்டுக்கு நடுவில், ஏறத்தாழ 115 வோல்ட்டில் கேபினெட் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்ற உணர்வோடு நின்றுவிடுகிறது. இருந்தாலும் எர்த் இல்லாத வீட்டில், உண்மையான கோளாறு வரும் நாளில் காப்பாற்ற எதுவும் இருக்காது. இரண்டு முள் அடாப்டரில் கணினியைச் செருகாதீர்கள். புதுக் கணினிக்கான பட்டியலில் எலக்ட்ரீஷியன் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெப்பத்தின் கணக்கு நம் ஊரில் நேரடியானது. ஒரு கூலர் குறிப்பிட்ட வாட் அளவுக்கு, சில்லை அறையின் காற்றைவிட இத்தனை டிகிரி மேலே வைத்திருக்கும். 25 டிகிரி அறையில் சில்லு 75 டிகிரியில் இருந்தால், அதே வேலையை அதே கூலரோடு 38 டிகிரி மே மாதத்து மதியத்தில் செய்யும்போது 88 டிகிரிக்கு ஏறும். 95 அல்லது 100 டிகிரியைத் தொட்டதும் சில்லு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெளிநாட்டுச் சோதனைகளில் வரும் வெப்ப எண்களோடு நம் அறையின் வேறுபாட்டைக் கூட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. நான்கு வெப்பக்குழாய்கள் உள்ள ஒரு டவர் கூலர், முன்பக்கம் வலைபோல் திறந்த கேபினெட், உள்ளிழுக்க இரண்டு ஃபேன், வெளியேற்ற ஒன்று. 65 வாட் சில்லுக்கு இதற்குமேல் தேவையில்லை. முகப்பு முழுதும் கண்ணாடியால் மூடி வண்ண விளக்குகள் ஒளிரும் கேபினெட்டில் காற்று நுழைய வழி இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

எஸ்.எஸ்.டி.யில் நொடிக்கு 7,000 எம்.பி., 14,000 எம்.பி. என்ற எண்கள், பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது மட்டுமே உண்மை. கணினி திறப்பதும் மென்பொருள் ஏறுவதும் சின்னச் சின்னத் துண்டுகளை அங்கங்கே தேடிப் படிக்கும் வேலை. அதில் நடுத்தர எஸ்.எஸ்.டி.யும் மிக விலையுயர்ந்ததும் ஏறக்குறைய சேர்ந்தே ஓடும். ஃபிளாஷ் செல்லைப் படிக்க ஆகும் அந்த ஐம்பது அறுபது மைக்ரோநொடியை அகலமான குழாயால் குறைக்க முடியாது. ராமில் கண்ட அதே கதை. வேகத்துக்குக் கொடுக்கும் பணத்தை ஒரு டி.பி. கொள்ளளவுக்குக் கொடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, எனக்கென ஒரு நாட்டம் இருப்பதை மறைக்கவில்லை. படிப்பு, அலுவலகம், நிரல் எழுதுவது, அளவான விளையாட்டு என்று எல்லாம் கலந்த ஒரு வீட்டுக்கு, 65 வாட் ஆறு கோர் ப்ராசஸர், இரண்டு ஸ்டிக்காக 32 ஜி.பி. ராம், ஒரு டி.பி. எஸ்.எஸ்.டி., தரமான எஸ்.எம்.பி.எஸ்., காற்றோட்டமான கேபினெட். இதில் மிஞ்சும் பணம் விளையாடுபவருக்குக் கிராபிக்ஸ் கார்டாகட்டும், மற்றவருக்கு நல்ல மானிட்டராகட்டும். ஐந்தாறு ஆண்டுகள் தினமும் பார்க்கப் போவது அந்தத் திரையைத்தான்.

தேர்வுக்கு முன் பழைய கணினியையே சாட்சியாக்குங்கள். வழக்கமான வேலை ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துப் பார்த்தால் தேக்கம் தெரிந்துவிடும். மெமரி 90 சதவீதத்துக்கு மேல் நின்றால் ராம் போதவில்லை. டிஸ்க் 100-லேயே ஒட்டிக்கொண்டிருந்தால் எஸ்.எஸ்.டி. வேண்டும். 12 த்ரெட் ப்ராசஸர் வெறும் 8 சதவீதம் காட்டிக்கொண்டே வேலை இழுத்தடிக்கிறதென்றால், பன்னிரண்டில் ஒன்று மட்டும் மூச்சு வாங்குகிறது. அங்கே கோர்களைக் கூட்டிப் பயனில்லை, ஒற்றைக் கோரின் வேகம் கூடிய சில்லு வேண்டும். எல்லாக் கோர்களும் நிரம்பி வழிந்தால் மட்டுமே கூடுதல் கோர்களுக்குப் பணம் கொடுங்கள்.

புதுக் கணினி பூட்டி முடித்த அன்றே இரண்டைச் சரிபார்க்க வேண்டும். பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பை இயக்காவிட்டால், 6000 என்று வாங்கிய ராம் 4800 போன்ற அடிப்படை வேகத்திலேயே ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் வேக எண் இருக்கிறது. இன்னொன்று, கிராபிக்ஸ் கார்டு வாங்கியவர்கள் மானிட்டர் ஒயரை மதர்போர்டின் துளையில் செருகாமல், கீழே இருக்கும் கார்டின் துளையில் செருகியிருக்கிறார்களா என்று கணினியின் பின்பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும்.